கூரை இல்லாத ஹெரால்ட்: ஏலத்தில் எடுத்த வண்டியில் பதினான்கு மாத வேலை

பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டியிருந்த ஒரு பழைய அரிசி ஆலையை, கடன் நிலுவைக்காக ஒரு வங்கி 2024 ஆவணியில் ஏலத்திற்குக் கொண்டுவந்தது. நிலம், கட்டடம், நெல் அவிக்கும் கொதிகலன், அரைவை இயந்திரங்கள் என்று நீண்ட பட்டியலின் கடைசியில், "பழமையான ஸ்போர்ட்ஸ் கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு, ஓபன் டாப், ஓட்டும் நிலையில் இல்லை, எண்ணிக்கை 1" என்று ஒரு வரி இருந்தது. அதனுடன் இரண்டு புகைப்படங்களையும் இணைத்திருந்தார்கள். ஒன்றில் தார்ப்பாய் பாதி விலகிய முன்பக்கமும், மற்றொன்றில் கூரையே இல்லாத பின்பக்கமும் தெரிந்தன. அந்த இரண்டாவது படத்தை நான் இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பது சரியா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட இந்தக் குடும்ப வண்டியின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன் மேல் புதிய உடலை ஏற்றிச் செய்யப்பட்டதுதான். நம் ஊரில் 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 948 சி.சி. எஞ்சினுடன் ஹெரால்டைத் தயாரித்தது. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னமும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆகவே அந்தச் சொல் என்னை உறுத்தவில்லை. "ஓபன் டாப்" என்ற சொல்லைத்தான் நான் நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும்.

பார்வையிட ஒரே ஒரு நாள், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை அனுமதித்திருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து முதல் பேருந்தில் கிளம்பிப் போனேன். காந்தம், டார்ச் விளக்கு, தட்டிப் பார்க்க ஒரு சிறு சுத்தியல் ஆகியவற்றை எடுத்துச் சென்றிருந்தேன். வங்கியின் சார்பில் வந்திருந்த முகவர், எதையும் கழற்றவோ தட்டவோ கூடாது, பார்க்க மட்டுமே அனுமதி என்று சொல்லிவிட்டார். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளும் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினும் முன்சக்கரங்களின் இணைப்புகளும் அப்படியே வெளியில் வந்துவிடும். வாங்குபவருக்கு இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. ஆனால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் கொக்கிகளில் இடப்பக்கத்துக் கொக்கி துருவேறி இறுகியிருந்ததால் போனட் திறக்கவில்லை. அதைத் திறக்க எண்ணெய் விட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும் என்றேன், முகவர் சம்மதிக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்கலாம். அடுத்த நாள் முன்வைப்புத் தொகையைக் கட்டி, நான்காம் நாள் இணையவழி ஏலத்தில் 1,60,000 ரூபாய்க்கு வண்டியை எடுத்தேன்.

"உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே" என்ற நிபந்தனையின் பொருள், பணம் கட்டிய பிறகுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியும் குறைகளை ஏற்றுக்கொள்வதாக மட்டும் அதை நான் நினைத்திருந்தேன். தெரியாத குறைகள், காகிதங்களில் உள்ள குறைகள், வண்டியை வெளியே எடுக்கும் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். விற்றவரிடம் திரும்பிச் சென்று கேட்க எந்த வழியும் இல்லை.

வண்டியை எடுக்கப் போன அன்று என்னுடன் வந்தவர், கும்பகோணத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர். ஊரில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் அழைப்பார்கள். இழுவைக் கயிறு கட்டி மெதுவாக ஊருக்கு இழுத்து வந்துவிடலாம் என்பது என் எண்ணம். அவர் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, முன்சக்கரத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, இது உருண்டு ஊருக்கு வர்ற வண்டி இல்ல. லாரிக்குச் சொல்லுங்க."

பதினான்கு அடி ஐஷர் லாரி ஒன்றுக்குச் சொன்னோம். லாரி வரும்வரை காத்திருந்தபோதுதான், ஏலத்துக்கு முன் நான் பேசியிருக்க வேண்டிய மனிதருடன் பேசினேன். அவர் ஆலையின் காவலாளி. முப்பது ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர். இந்த வண்டிக்கு மடக்குக் கூரை இருந்ததா, அதன் துணி எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"துணி ஏதுங்க? தகரக் கூரைதான் இருந்துச்சு. கஜாவுல தென்ன மரம் விழுந்து அப்பளமா நொறுங்கிப் போச்சு. கழட்டி எடைக்குப் போட்டுட்டாங்க."

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகளை அப்படியே சாய்த்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மரங்களில் ஒன்று இந்த வண்டிக்கொட்டகையின் மேலும் விழுந்திருக்கிறது. ஹெரால்டில் உடல் முழுவதும் ஒரே ஓடு அல்ல. சேஸிஸ் தனி; அதன் மேல் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று துண்டுதுண்டாகப் போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பார்கள். கூரையும் அப்படித்தான். முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலும் பின்பக்க உடலிலும் உள்ள போல்ட்டுகளை எடுத்துவிட்டால், பின்கண்ணாடியோடு கூரை தனியாக வந்துவிடும். வலிமை சேஸிஸில் இருப்பதால் கூரை இல்லாமலும் வண்டி நிற்கும், பார்ப்பவருக்குத் திறந்த வண்டியாகவே தோன்றும். நான் ஏலத்தில் எடுத்தது 1966ஆம் ஆண்டின் சாதாரண சலூன், அதாவது நிலையான கூரை கொண்ட வண்டி.

பின்னிருக்கைக்குப் பின்னால் கிடந்த சாக்கை விலக்கியபோது, வரிசையாகப் போல்ட் துளைகளும் அவற்றின் மேல் அவசரமாகப் பூசிய பட்டியும் தெரிந்தன. மடக்குக் கூரையைத் தாங்கும் இணைப்புகள் எதற்கும் அங்கே அடையாளம் இல்லை. பார்வையிட்ட அன்று அந்தச் சாக்கை விலக்கியிருந்தால் போதும். அதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை, தட்டவும் வேண்டியதில்லை.

கூரை போனது வெயிலுக்கும் மழைக்குமான சங்கடம் மட்டும் அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் உடல் வகை சலூன் என்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021 ஜூலை 15 அன்று ஒன்றிய அரசு அறிவித்த விதிகளின் கீழ், வி.ஏ. எழுத்துகள் கொண்ட பதிவெண் பெறலாம் என்று ஏலத்தின்போது மனதில் கணக்குப் போட்டிருந்தேன். அந்த விதிகளும் சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டியையே ஏற்கின்றன. மேலும் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தவிர அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. ஞாயிறுதோறும் கல்லணை வரை போய் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே பழைய பதிவையே புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன். எந்த வழியில் போனாலும் கூரை வேண்டும்.

காகிதங்களில் இருந்த இன்னொரு சிக்கல் இதைவிடக் கனமானது. ஆர்.சி. கடன் வாங்கியவரின் பெயரில் இல்லை. காலமாகிவிட்ட அவருடைய தந்தையின் பெயரில் இருந்தது. வளாகத்தில் உள்ள அசையும் பொருட்கள் என்று மொத்தமாக எழுதி அடமானம் வைத்ததில் இந்த வண்டியும் சேர்ந்துவிட்டது. வங்கி எனக்கு விற்பனைச் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் பெயர் மாற்றத்துக்கு அது மட்டும் போதவில்லை. வாரிசுகள் மூவர். வாரிசுச் சான்றிதழ், மற்ற இருவரின் சம்மதக் கடிதங்கள், முதலில் படிவம் 31 வழியாக ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றம், அதன்பின் 29, 30 படிவங்களில் என் பெயருக்கு மாற்றம் என்று ஐந்து மாதங்கள் போயின. அந்தக் குடும்பத்தினர் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள். தங்கள் தந்தையின் வண்டி எடைக்குப் போகாமல் ஓடப்போகிறது என்பதற்காகவே கையெழுத்திட்டதாக மூத்த மகள் சொன்னார். அவர்கள் மறுத்திருந்தால் 1,60,000 ரூபாய்க்கு ஓட்ட முடியாத ஒரு பொருள் என் வீட்டுத் திண்ணை ஓரத்தில் நின்றிருக்கும். ஏலத்துக்கு முன்பே ஆர்.சி.யின் நகலைக் கேட்டு, பெயர், உடல் வகை, எஞ்சின் எண், சேஸிஸ் எண் ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நகல் தர மறுத்தால் அந்த ஏலத்தில் கலந்துகொள்ளவே கூடாது.

இனி மேஸ்திரி லாரிக்குச் சொல்லச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரைக்குள் சுழன்று சற்று ஏறும், சற்று இறங்கும். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. இந்த மூட்டுக்கு விட வேண்டியது 90 எண் கியர் எண்ணெய், கிரீஸ் அல்ல. அதற்கென இருக்கும் திருகை எடுத்துவிட்டு, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மாட்டி, மற்ற மூட்டுகளுக்கு அடிப்பதுபோல இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. கிரீஸ் நாளடைவில் இறுகி, மரையின் அடிப்பகுதி வரை இறங்காமல் நின்றுவிடும். தண்ணீர் உள்ளே தங்கித் துரு பிடிக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது, தண்டு மரையோடு ஒடிந்து சக்கரம் மட்கார்டுக்குக் கீழே மடங்கிவிடும். இந்த வகை வண்டிகளில் உயிருக்கு ஆபத்தான குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வண்டியில் இரு பக்கமும் நிப்பிள்கள் இருந்தன. கழற்றியபோது உள்ளே கிரீஸ் செங்கல் நிறத்தில் கட்டியாகியிருந்தது. இரு தண்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, திருச்சிக்கு அருகே துவாக்குடியில் பற்றவைப்புகளைச் சோதிக்கும் ஒரு நண்பரிடம் கொண்டுபோனேன். பாரத மிகுமின் நிறுவனத்துக்காகக் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறைகள் நிறைந்த இடம் என்பதால், அங்கே சிவப்புச் சாயச் சோதனை அன்றாட வேலை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, துடைத்த பிறகு வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தார். வலப்பக்கத் தண்டு வெள்ளையாகவே இருந்தது. இடப்பக்கத் தண்டில், மரை முடியும் இடத்துக்குச் சற்று மேலே, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு மெல்லிய சிவப்புக் கோடு எழுந்தது. நாங்கள் இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. இழுவைக் கயிற்றில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி வழியாக அத்தனை தூரம் வந்திருந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

வெண்கலக் கட்டைகளை நாச்சியார்கோயிலில் வார்த்து லேத்தில் மரை வெட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். குத்துவிளக்கு வார்ப்பதில் அந்த ஊர்க்காரர்களின் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் விளக்குக்கு ஏற்ற உலோகக் கலவை வேறு, வண்டியின் எடையைத் தாங்கிக்கொண்டே நகரும் மரைக்கு ஏற்ற கலவை வேறு. இங்கிலாந்தில் இந்த உதிரிகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இரண்டு தண்டுகள், இரண்டு ட்ரன்னியன்கள், புஷ்கள், சுங்க வரி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆயிற்று. இந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க நான் முயலவில்லை.

எஞ்சினில் கண்ட குறையை, போனட் மட்டும் திறந்திருந்தால், ஏல நாளுக்கு முன்பே ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஒருவர் உள்ளே அமர்ந்து கிளட்சை மிதிக்க வேண்டும். மற்றொருவர் முன்னால் நின்று, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் உள்ள புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்வு கண்ணுக்குத் தெரியாத அளவில், ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் கிளட்சை மிதித்ததும் புல்லி கண்ணுக்குத் தெரியவே முன்னால் தள்ளிற்று. டயல் கேஜ் வைத்து அளந்ததில் 0.9 மில்லிமீட்டர். இந்த எஞ்சினில் கிராங்க் முன்பின் நகராமல் தடுப்பவை, பின்பக்க மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்டத் தகடுகள். அவை தேய்ந்தால் கழன்று கீழே விழுந்துவிடும். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பைக் கழற்றியபோது அதன் அடியில் கசடோடு ஒரு தகடு கிடந்தது. நல்லவேளையாகக் கிராங்கின் முகம் கோடு விழுந்த அளவோடு தப்பியிருந்தது. சற்றுத் தடித்த தகடுகளைப் போட்டு நகர்வை 0.15க்குக் கொண்டுவந்தோம். அதே நிலையில் எஞ்சினை ஓட்டியிருந்தால் கிராங்க், பிளாக் இரண்டும் போயிருக்கும். மற்றபடி வால்வுகளைத் தேய்த்து, ரிங்குகளை மாற்றியதோடு எஞ்சின் வேலை முடிந்தது.

பிரேக் சிலிண்டர்கள் நான்கு சக்கரங்களிலும் இறுகியிருந்தன, எல்லாவற்றையும் மாற்றினோம். பெட்ரோல் பம்ப்பின் பழைய ரப்பர்த் தாள், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காது என்பதால் அதையும் குழாய்களையும் மாற்றினோம். ஒயரிங் முழுவதையும் எலி கடித்திருந்தது. இருக்கைகளுக்குள் உமியும் நெல்லும் நிறைந்த கூடுகள் இருந்தன.

துருவைப் பற்றி நான் பயந்த அளவுக்கு இல்லை. அதிராம்பட்டினத்து உப்பளங்களின் பக்கமிருந்து வீசும் காற்றில் அத்தனை ஆண்டுகள் நின்ற வண்டி. சேஸிஸின் நடுத்தண்டுகள் நல்ல கனத்தோடு இருந்தன. சுத்தியலால் தட்டினால் மணிபோல ஒலித்தன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள் ஆறில் நான்கில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கியது. அவற்றை வெட்டி எடுத்து, 2 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாக மடித்துப் பற்றவைத்தோம். வெட்டுவதற்கு முன் கதவுகளின் இடைவெளிகளை நான்கு இடங்களில் அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொண்டதுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

கூரையைத் தேடியதற்கு மட்டும் ஏழு மாதங்கள் ஆயின. திருச்சி, மதுரை, கோவை என்று பழைய இரும்புக் கடைகளில் கேட்டுக் கேட்டு, கடைசியில் காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாமல் நின்ற இரண்டு கதவு ஹெரால்ட் ஒன்று கிடைத்தது. கூரையும் பின்கண்ணாடியும் 52,000 ரூபாய். பின்கண்ணாடி உடையாமல் இருந்ததால்தான் அந்த விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். தனியாகத் தேடினால் அந்த வளைந்த கண்ணாடிக்கு எங்கே போவது? இரண்டு பழைய மெத்தைகளுக்கு நடுவே கிடத்தி, கூரையை ஊருக்குக் கொண்டுவந்தோம்.

அது முதலில் பொருந்தவில்லை. முன் போல்ட்டுகளைப் போட்டால் பின் துளைகள் ஒரு விரல் தள்ளி நின்றன. பழியைக் காரைக்குடிக் கூரையின் மேல் போட்டு, துளைகளை அகலப்படுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. நூல் பிடித்து முன்கண்ணாடிச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். வலப்பக்க மேல்மூலை 18 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. தென்னை மரம் கூரையை மட்டும் நொறுக்கவில்லை, அந்தச் சட்டத்தையும் அழுத்தியிருக்கிறது. கதவுக் கண்ணாடி மேலே சரியாகச் சேராமல் இருந்ததற்கும் அதுவே காரணம். பார்வையிட்ட அன்று அதைக் கண்டும், கதவுக் கீல் தேய்ந்திருக்கிறது என்று நினைத்துக் கடந்து போயிருந்தேன். வேப்பங்கட்டை ஒன்றை அணைவாகக் கொடுத்து, திருகு ஜாக்கியால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டராக ஒரு வாரம் தூக்கினோம். ஒரேயடியாகத் தூக்கியிருந்தால் சட்டத்தின் அடியில் உள்ள பற்றவைப்புகள் கிழிந்திருக்கும். எட்டாம் நாள் பின் போல்ட்டுகள் கையால் திருகியே உள்ளே இறங்கின.

இதுவரை ஏலத் தொகையையும் சேர்த்து 4,35,000 ரூபாய் ஆகியிருக்கிறது. மூன்று லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்பது என் தொடக்கக் கணக்கு. தகுதிச் சோதனை முடிந்து, பதிவு 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் தாராசுரம் வரை போய்வந்தேன். திரும்பும்போது, குறுகிய தெரு ஒன்றில் பின்னால் எடுக்காமல் ஒரே வளைவில் வண்டியைத் திருப்ப முடிந்தது. 25 அடிக்குள் வட்டமடிக்கும் வண்டி இது. ட்ரன்னியன்களுக்கு எண்ணெய் விட்ட நாளையும், அடுத்து விட வேண்டிய கிலோமீட்டரையும் கதவுத் தூணின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று கொல்லையில் குழாய் போட்டுக் கூரையின் மேல் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். முன்பக்க இணைப்பு முழுவதும் உலர்ந்தே இருந்தது. பின்கண்ணாடியின் வலது கீழ்மூலையில் மட்டும், இருக்கையின் மேல் ஒரு கையகல ஈரம். அந்த ரப்பருக்குச் சொல்லிவிட்டிருக்கிறோம். ஐப்பசி மழைக்குள் வந்துவிட வேண்டும்.